சத்தம் போடாத சர்க்கார் வண்டி

சாமி ஒரு கையில் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, காரின் பானட் மேல் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பது போலக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் பரிதாபமாகப் பார்த்தார்.

“இஞ்சின் ஓடல, பாபு.”

“ஓடுது சாமி,” என்றேன்.

“சத்தம் லேதே?”

“இதுக்குச் சத்தம் கிடையாது சாமி. பேட்டரி வண்டி.”

“பேட்டரியா? டார்ச் லைட்டுல போடுவாங்களே, அதுவா?”

“அதோட பெரியண்ணன் சாமி,” என்றார் டிரைவர் முனிரத்னம் அண்ணன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அந்த வண்டியோடு சேர்த்துத் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவருக்கு ஆசை.

காணிப்பாக்கம் கோவிலுக்கு வெளியே, வண்டி பூஜை நடக்கிற இடம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் இரண்டு ஆட்டோ, ஒரு மினி லாரி. எல்லாம் புதுசு, எல்லாம் உறுமிக்கொண்டு நின்றன. சாம்பிராணிப் புகையா டீசல் புகையா என்று தெரியாத புகை. நடுவில் எங்கள் குட்டி வெள்ளைக் கார் மட்டும், சாமந்தி மாலை போட்டுக்கொண்டு, வகுப்பில் பேர் கூப்பிட்டும் பதில் சொல்லாத பிள்ளை போல நின்றது.

எங்கள் பக்கத்தில் புது வண்டி எதுவானாலும் முதலில் காணிப்பாக்கம் பிள்ளையாரிடம்தான் வர வேண்டும். டயருக்கு அடியில் எலுமிச்சம் பழம், பானட்டில் மஞ்சள் குங்குமம், கடைசியில் ஆரத்தி. ஆரத்தி எடுக்கும்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உயிரோடு இருக்கிற வண்டிக்குத்தான் ஆரத்தி.

“உயிர் இல்லாத வண்டிக்கு எடுத்தா அது வேற கார்யம் ஆயிடும் பாபு,” என்றார் சாமி, மெதுவாக.

எங்கள் டி.இ. சாருக்கு முகம் வெளுத்தது. டெபுடி இஞ்சினியர். கையெழுத்துப் போடுவதற்குக்கூட நல்ல நேரம் பார்க்கிறவர்.

“ஏழுமலை! உயிர் இருக்குன்னு காட்டய்யா!” என்று என் மேல் பாய்ந்தார்.

ஏன் என் மேல் பாய்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

குன்று, மலை அல்ல

எனக்கு ஆபீசில் நாற்காலி கிடைத்ததைப் போன வாரம் எழுதினேன். அந்த நாற்காலி ஆட ஆரம்பித்தது இப்படித்தான்.

சித்தூரில் எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். தண்ணீர்க் குழாய் சம்பந்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நான் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது டி.இ. சாரின் பேனா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா, எங்களுக்கு நைனா, மாங்கூழ் பேக்டரியில் பெட்டி தூக்குகிறார். அண்ணன் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் கதவு மாட்டுகிறான். இடது பக்கத்துக் கதவு மட்டும். வலது பக்கம் வேறு ஆள். அவன் ஊருக்கு வந்தால் எந்தக் காரைப் பார்த்தாலும் இடது கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீது. மத்ததெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா” என்பான்.

முதலில் படித்தவனுக்கு ஒரு நோய் உண்டு. அச்சடித்த எதையும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விட மாட்டேன்.

அப்படித்தான் எங்கள் தலைநகர் ஹைதராபாத்திலிருந்து வந்த அந்த ஆணையையும் படித்தேன். சர்க்கார் ஆபீஸ்கள் இனிமேல் புது வண்டி வாங்கினால், அதில் ஒரு பங்கு பெட்ரோலும் டீசலும் குடிக்காத வண்டியாக இருக்க வேண்டும். பேட்டரியோ, கேஸோ, ஏதோ ஒன்று. முதலில் அதை வாங்கி ஓட்டிக் காட்டினால்தான் அடுத்த ஜீப்புக்கு அனுமதி. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு விலக்கு: மலைப்பாதையில் ஓட வேண்டிய ஆபீஸ்களுக்கு இது பொருந்தாது.

அவ்வளவு போதாதா? எங்கள் மாவட்டத்தில் திருமலை இருக்கிறது. ஆபீஸ் ஆபீஸாக ‘எங்களுக்கு மலை உண்டு’ என்று பதில் எழுதினார்கள். மலைப் பக்கமே வண்டி போகாத ஆபீஸ்களும் எழுதின. வருஷத்துக்கு ஒரு முறை மொட்டை போடப் போவதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

“நம்மளும் அதையே அடிச்சுடு ஏழுமலை,” என்றார் டி.இ. சார்.

நான் வெகுளியாகச் சொன்னேன்: “சார், நம்ம ஆபீஸ் எல்லையில மலை வரல சார். ஒரு குன்று கீது. அதுலயும் ரோடு இல்ல.”

சொன்னதில் தப்பில்லை. சொன்ன நேரம்தான் தப்பு. ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி அதே அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி. டம்ளரைக் கீழே வைத்தார்.

“ரோடு கூட இல்லையா?” என்று தெலுங்கில் கேட்டார்.

“ஆடு மேய்க்கற தடம் ஒண்ணு கீது சார்,” என்றேன், விடாமல்.

இரண்டு மாதத்தில் பேட்டரி கார் வந்து இறங்கியது.

மிக்சியா, வண்டியா?

முனிரத்னம் அண்ணன் அதைச் சுற்றி வந்தார். கதவைத் தட்டினார். ஆபீசின் பழைய ஜீப்பை, அது செத்துப் போகும் வரைக்கும், ஓட்டியவர். அது கிளம்பினால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கேட்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

“இன்னா ஏழுமலை இது, வண்டியா மிக்சியா? பிளக்கு வச்சிருக்கான்?”

“சார்ஜ் போடணும்ணா.”

“நான் இத ஓட்டிக்கினு போனா டீக்கடையில எவன்டா என்ன மதிப்பான்? வர்றதே தெரியலியே. பூன மாதிரி வந்து நிக்குது.”

அவருடைய ஒரே நம்பிக்கை ஆணையில் இருந்தது: இந்தக் காரை ஒப்பேற்றினால் புது டீசல் ஜீப். ஒப்பேற்றவில்லையானால் அவர் ஆயுசுக்கும் மிக்சிதான்.

அதற்குள் மேலிடத்துக்கு ஒரு புகார் போயிருந்தது, வாங்கிய வண்டிகள் எல்லாம் ஷெட்டில் தூங்குகின்றன என்று. உடனே இன்னொரு ஆணை. இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிற ஆபீஸ்கள் எல்லாம் குறிப்பிட்ட நாளில் திருப்பதியில் ஒரு மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். லாரியில் ஏற்றி வரக் கூடாது, கயிறு கட்டி இழுத்து வரக் கூடாது, தன் சக்கரத்தில் ஓடி வர வேண்டும்.

டி.இ. சார் என்னைக் கூப்பிட்டார். என் ஒப்பந்தம் அந்த மாசத்தோடு முடிகிறது.

“ஏமய்யா, இது உன் வண்டி. நீ இங்கிலீஷ் படிச்சதால வந்த வண்டி. நீயும் கூட வரே. அது திருப்பதி போய்ச் சேர்ந்தா உனக்கு அடுத்த வருஷம் உண்டு. சேரலேன்னா நீயும் அதுவும் ஒண்ணா வீட்டுக்குப் போங்க.”

நைனா ஊரெல்லாம் ‘எம் புள்ள கவர்மெண்ட்டு’ என்று சொல்லி வைத்திருந்தார். ஒப்பந்தம் என்ற வார்த்தையை நான் வீட்டில் சொன்னதே இல்லை. வேலை போனால் அண்ணனோடு போய் நானும் வலது கதவு மாட்ட வேண்டியதுதான்.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் தாராளமாகப் போகும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். வழியில் பூஜை உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

உயிர் இருக்கிறதைக் காட்டினோம்

காணிப்பாக்கத்துக்குத் திரும்பி வருகிறேன்.

“உயிர் இருக்குன்னு காட்டய்யா” என்று டி.இ. சார் சொன்னதும் நான் உள்ளே தாவி ஹெட்லைட்டைப் போட்டேன். சாமி தலையை ஆட்டினார், போதாது. வைப்பரைப் போட்டேன். அது மஞ்சளையும் குங்குமத்தையும் கண்ணாடி முழுக்கப் பூசியது. இண்டிகேட்டர் போட்டேன். ஏ.சி.யை முழுசாக வைத்தேன், அதில்தான் கொஞ்சம் ‘உஸ்’ என்று சத்தம் வரும். முனிரத்னம் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரனை அழுத்தினார்.

சாமி மறுபடி காதை வைத்தார். முகம் மலர்ந்தது.

“ஆ! இப்போ மூச்சு விடுது!”

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். “தர்சனம் முடிச்சு பிரசாதத்தோட வாங்க, ஆரத்தி அப்போதான். அதுவரைக்கும் அணைக்காதீங்க, அபசகுனம்,” என்றார்.

நான் டி.இ. சாரின் காதில், “சார், சார்ஜ் போயிடும் சார்,” என்றேன்.

“வாய மூடு. பிள்ளையார் பாத்துப்பார்.”

அன்றைக்கு என்ன விசேஷமோ, கோவிலில் வரிசை குளத்தைச் சுற்றி நின்றது. நாங்கள் பிரசாதத்தோடு திரும்பி வந்தபோது கார் அப்படியே இருந்தது. ஹெட்லைட் எரிந்துகொண்டு, வைப்பர் ஆடிக்கொண்டு, ஏ.சி. ஊதிக்கொண்டு, இண்டிகேட்டர் கண்ணடித்துக்கொண்டு. உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி ஜில்லென்று இருந்தது. சுற்றி நின்ற கூட்டம், ‘இது என்னமோ சாமி வந்த வண்டி’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

ஆரத்தி அமோகமாக நடந்தது. எலுமிச்சம் பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். சார்ஜ் காட்டுகிற விளக்குகளில் பாதிக்கு மேல் காணவில்லை.

டீசலின் வாசனை

புதலப்பட்டு தாண்டினோம். பாகாலா வருவதற்குள் ஒரே ஒரு சிவப்பு விளக்கு மீதி. அதுவும் கண்ணடிக்க ஆரம்பித்தது.

“அண்ணா, எங்கயாவது பிளக்கு பாக்கணும்ணா.”

“பெட்ரோல் பங்க்கு தேடலாம், பிளக்கு எங்கடா தேடறது?”

ஒரு டீக்கடையில் கேட்டோம். கரண்ட் இல்லை, மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள். அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. தடதடவென்று ஜெனரேட்டர். அடுத்த தெருவில் கல்யாண மண்டபம்.

வாசலில் பட்டு வேட்டியோடு ஒருவர் ரோட்டைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்குத் தாய்மாமன். மாலை போட்ட எங்கள் காரைக் கண்டதும் ஓடி வந்தார்.

“இன்னாய்யா இவ்ளோ லேட்டு! மாப்ள கோவில்ல எவ்ளோ நேரமா குந்திக்கினு கீறாரு!”

மாப்பிள்ளை அழைப்புக்குச் சொல்லியிருந்த கார் வரவில்லை. எங்களை அந்தக் கார் என்று நினைத்துவிட்டார். நான் உண்மையைச் சொன்னேன். சர்க்கார் வண்டி, திருப்பதி போகணும், உயிர் போகப் போகுது, கொஞ்சம் கரண்ட் வேணும்.

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “நீ மாப்ளய இட்டுக்கினு வா. நான் கரண்ட் குடுக்கறேன். சாரு உள்ள வாங்க, டிபன் ரெடி.”

டி.இ. சார் அதற்குள் செருப்பைக் கழற்றியிருந்தார்.

கோவில் தெருக் கோடியில்தான் இருந்தது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். மேளம் முழங்கியது. கார் நகர்ந்தது. சத்தமே இல்லாமல் நகர்ந்ததும் கூட்டத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“டேய், வண்டி ஆப் ஆயிடுச்சுடா! மாப்ள மானம் போவுது, தள்ளுங்கடா!”

பத்துப் பதினைந்து கை பின்னால் விழுந்தது.

“உடுங்கடா! ஓடுதுடா வண்டி!” என்று முனிரத்னம் அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். வாழ்நாளில் முதல் முறையாக அந்தக் காருக்காகப் பேசினார்.

நான் அவர் தொடையைத் தட்டினேன். “அண்ணா, தள்ளட்டும்ணா. சார்ஜ் மிச்சம்.”

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். “அண்ணே, இது ஓடுதா, தள்றாங்களா?”

“ரெண்டும் சார்,” என்றேன். அந்தச் சின்ன வயசு மாப்பிள்ளையைச் சார் என்று கூப்பிட்டதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. மண்டபத்தில் அவர் சொல்லித்தான் எனக்கு இரண்டு ஜாங்கிரி வைத்தார்கள்.

பிறகு சமையல் கட்டு ஜன்னல் வழியாக ஒயர் வந்தது. தாலி கட்டினார்கள், பந்தி நடந்தது, கார் சார்ஜ் துன்னுக்கொண்டிருந்தது. இந்த வார்த்தை முனிரத்னம் அண்ணனுடையது. ஜெனரேட்டர் பக்கத்தில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மூக்கை விடைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

“பாத்தியா ஏழுமலை? கடைசியில இது துன்றதும் டீசல்தான். ஜெனரேட்டர் கையால ஊட்டி விடணும். அவ்ளோதான் வித்தியாசம்.”

பையிலிருந்த ஆணையை எடுத்துப் புரட்டினேன். ஆணையில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

தடித்த கண்ணாடி

பாகாலா தாண்டினால் பெரும்பாலும் இறக்கம். பனபாக்கம் பக்கம் முனிரத்னம் அண்ணன் காலை எடுத்துவிட்டார். கார் தானாக உருண்டது. டி.இ. சார் பின்னால் கல்யாணச் சாப்பாட்டின் மயக்கத்தில் குறட்டை விட்டார். கார் முழுக்க அது ஒன்றுதான் சத்தம். சந்திரகிரிக் கோட்டை வந்தது, போனது. திருப்பதி ஊருக்குள் மொட்டைத் தலைகள் எங்களுக்கு வழி விடவே இல்லை, வருவது கேட்டால்தானே விடுவார்கள்.

மைதானத்தின் வாசலைத் தாண்டி உள்ளே உருண்டதும் எல்லா விளக்கும் அணைந்தது. நாங்கள் பிரேக் போடவில்லை. அதுவே நின்றது.

மற்ற ஆபீஸ்களின் வண்டிகள் ஏற்கெனவே வரிசையில் இருந்தன. அதிகமில்லை, மலை உள்ளவர்கள்தான் வரவில்லையே. எல்லாம் பளபளவென்று, டயரில் ஒரு தூசி இல்லாமல். இரண்டு தெரு தள்ளி லாரிகள் நின்றதை நாங்கள் வரும்போதே பார்த்தோம்.

அதே பெரிய அதிகாரி. அதே தடித்த கண்ணாடி. ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரும், ‘ஓடியே வந்துச்சு சார், வெண்ணெய் மாதிரி’ என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எங்களிடம் வந்து நின்றார். மஞ்சள், குங்குமம், அதன் மேல் ரோட்டுத் தூசி, வாடின மாலை, டயரில் ஒட்டிய எலுமிச்சந்தோல், பின் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்ட மணமக்கள் பெயர்.

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

முனிரத்னம் அண்ணன் சாவியைத் திருகினார். ஒன்றுமில்லை. ஆனால் ஓடினாலும் ஒன்றும் இருக்காதே.

“ஓடுது சார்,” என்றார் டி.இ. சார், கண் இமைக்காமல்.

அதிகாரி குனிந்து பானட்டில் காதை வைத்தார். நான் ஒரே நாளில் இரண்டாவது முறையாக அந்தக் காட்சியைப் பார்த்தேன். நிமிர்ந்தார். கண்ணாடி வழியாக என்னை உற்றுப் பார்த்தார்.

“நீ அந்தக் குன்றுப் பையன்தானே? ரோடு இல்லேன்னு சொன்னவன்?”

“ஆமா சார்.”

“நெத்தியில காணிப்பாக்கம் குங்குமமா?”

“ஆமா சார்.”

“அங்கே போய் வந்தவன் பொய் சொல்லக் கூடாதுன்னு தெரியுமில்லே? சொல்லு. இப்போ இது ஓடுதா?”

காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்து பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். டி.இ. சார் என்னைப் பார்த்த பார்வையில் என் ஒப்பந்தம் தெரிந்தது. அதன் பின்னால் ஒரு வலது கதவும் தெரிந்தது.

வாய் திறந்தேன். திறந்த பிறகு நிற்கவில்லை.

“இப்போ ஓடல சார். அந்த வாசல்ல செத்துப்போச்சு. ஆனா சித்தூர்ல இருந்து இங்க வரைக்கும் தன் சக்கரத்துலதான் வந்துச்சு. நடுவுல ஒரு தெரு தள்ளினாங்க சார், ஆனா நாங்க தள்ளச் சொல்லல, மாப்ள மானம் போவுதுன்னு அவங்களே தள்ளினாங்க. அப்பவும் அது ஓடிக்கினுதான் இருந்துச்சு. கல்யாணத்துல சார்ஜ் போட்டோம் சார். அது டீசல் ஜெனரேட்டர். பனபாக்கம் இறக்கத்துல சும்மா உருண்டுச்சு. காணிப்பாக்கத்துல உயிர் இருக்குன்னு காட்டப் போயிதான் சார் உயிர் போச்சு.”

முனிரத்னம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஜீப் அவர் கண்ணுக்குள் தூரமாகப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

அதிகாரியின் தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“காலையிலேருந்து வெண்ணெய் வெண்ணெய்னு கேட்டுக் காது வழுக்குது,” என்றார். “இந்த மைதானத்துக்கு ரோட்டு வழியா வந்தது இது ஒண்ணுதான்.” ‘ஓடி வந்தது’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்தார். அவ்வளவுதான்.

டி.இ. சார் என்னைத் திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. “இப்போ இத எப்படிய்யா சித்தூருக்குக் கொண்டு போறது?” என்றார்.

ஆணை என் பையில்தான் இருந்தது. கடைசி வரி வரை மறுபடி படித்தேன்.

“சார், ஓடி வரணும்னுதான் போட்டிருக்கு சார். திரும்பிப் போறதப் பத்தி ஒண்ணும் இல்ல.”

இரண்டு தெரு தள்ளி ஒரு லாரி சும்மாதான் நின்றது. காரை ஏற்றிக் கட்டினோம். டி.இ. சாரும் முனிரத்னம் அண்ணனும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். இடமில்லாததால் நான் மேலே, காருக்குள்ளேயே உட்கார்ந்தேன். கீழே டீசல் இஞ்சின் உறுமியது. முனிரத்னம் அண்ணன் நாள் முழுக்கச் சிரிக்காத சிரிப்பெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டது. டி.இ. சாரின் தலை வெளியே நீண்டது.

“ஏழுமலை! வர்ற வருஷமும் ஆர்டர் எல்லாம் நீதான்யா படிக்கணும். ஆனா மெதுவா படி, வெளிய கேக்காம!”

பொழுது சாயும் நேரத்தில் லாரி எங்கள் ஊர் வழியாகவே போனது. ரோட்டோரம் நைனா பேக்டரி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் பெட்டி ஆடியது. டிரைவர் நிறுத்தினார்.

“இன்னாடா இது? கவர்மெண்ட்டு வண்டியிலயா வர்ற?”

“ஆமா நைனா. வண்டிக்குள்ள வண்டி.”

அவர் பக்கத்தில் நின்ற ஆளைத் திரும்பிப் பார்த்தார்.

“கேட்டியா? எம் புள்ளைக்கு ரெண்டு குடுத்துக்கீறாங்க.”